ரோட்டுக்கு அங்கால வந்த வடிகான் எங்கட ஒழுங்கைக்கு ஏன் வரல்ல?

திருகோணமலையில இருந்து தம்பி ஒராள் கேட்டது இதுதான்: எங்கட ஒழுங்கையில ஒவ்வொரு மாரிக்கும் முழங்கால் அளவுக்குத் தண்ணி, அரைவாசி வீடு தகரம், ரோட்டுக்கு அங்கால உள்ள ஒழுங்கைக்கு வடிகான், கொங்கிறீட் ரோட், மலசலகூட உதவி எண்டு எல்லாம் வந்திட்டு, எங்களுக்கு ஒண்டும் இல்ல, டவுனுக்குள்ள எந்த இடம் கஷ்டப்பட்ட இடம் எண்டு அரசாங்கம் எப்பிடித் தெரிவு செய்யுது, அரசியலப் பாத்துத்தானா, வேற நாடுகள்லயும் இப்பிடித்தானா?

நான் சுனாமிக்குப் பிறகு இருந்து வீடமைப்பு, மீள்குடியேற்ற வேலைகள்ல கள உத்தியோகத்தரா இருந்த ஆள், போர்ம் நிரப்பினது, வீடு வீடா எண்ணினது, பட்டியல் போட்டது எல்லாம் கையால செய்த வேலை, அதால கொஞ்சம் நீளமாச் சொல்லுறன், பொறுமையா வாசியுங்க.

முதல்ல நேராச் சொல்லிடுறன். அரசியல் இருக்குது. ஆனா நான் பாத்தளவில அரசியல்வாதி உள்ளுக்க வாறதுக்கு முதலே பாதித் தெரிவு முடிஞ்சு போயிருக்கும், அது எங்க முடியுது எண்டால் கோடு கீறுற இடத்தில. எந்த அளவுத் துண்டா ஊர வெட்டி எண்ணுறாங்க எண்டதிலயே கனக்கச் சனத்திட கஷ்டம் தெரியாமப் போயிடும், ஆருக்கும் கெட்ட எண்ணம் இருக்கோணும் எண்டு கூட இல்ல.

ஒரு கணக்குப் பாருங்க. ஒரு கிராம சேவகர் பிரிவில 400 குடும்பம் எண்டு வையுங்க. மேட்டில கந்தோர் குவார்ட்டர்ஸ், ரெண்டு மாடி வீடுகள், வெளிநாட்டுக் காசில கட்டின வீடுகள், கீழ தண்ணி தேங்கிற பள்ளத்தில 60 குடும்பம் தகரக் கொட்டிலில இருக்குது. அந்தப் பிரிவிட வறுமை வீதம் 15 சதவீதம் எண்டு வரும். 2019ம் ஆண்டு சர்வேப்படி முழு இலங்கைக்குமே வறுமை வீதம் 14.3 சதவீதம், அப்ப கொழும்பில இருந்து பட்டியலப் பாக்கிறவருக்கு இது நாட்டில எல்லா இடத்தையும் போல ஒரு சாதாரணப் பிரிவு. பக்கத்துப் பிரிவில 400ல 120 குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ இருக்குது, அங்க ஆற்ற வீட்டுக்கையும் தண்ணி வாறதில்ல, ஆனா வீதம் 30. திட்டம் அங்க போகும். ஆரும் களவு செய்யல்ல, கணக்கும் பிழையில்ல, ஆனா முழங்கால் தண்ணியில நிக்கிற 60 குடும்பமும் சராசரிக்குள்ள தாண்டு போச்சு. அந்த 60 குடும்பத்தச் சுத்தி மட்டும் கோட்டக் கீறியிருந்தா வீதம் 100. உங்கட ஒழுங்கைக்கும் ரோட்டுக்கு அங்கால உள்ள ஒழுங்கைக்கும் நடுவில பிரிவு எல்லை போகுதா எண்டு முதல்ல பாருங்க, எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதல் வந்தது.

இங்கிலாந்தில இதுக்கு ஒரு வழி வச்சிருக்கிறாங்க. அவங்க ஊர் எல்லை, வட்டார எல்லை எண்டு நிர்வாகக் கோட்டில அளக்கிறதில்ல, புள்ளிவிபரத்துக்கெண்டே நாட்டச் சின்னச் சின்னத் துண்டா வெட்டினாங்க, 2019ம் ஆண்டுக் கணக்கில 32,844 துண்டு, ஒண்டில சராசரியா 1,500 பேர், சனத்தொகை எல்லாத்திலயும் ஏறக்குறைய ஒரே அளவா வாற மாதிரியும் ஒரே மாதிரி வீடுகள் ஒரே துண்டுக்குள்ள வாற மாதிரியும் பாத்துக் கீறினது. எங்கட நாட்டில 14 ஆயிரத்துச் சொச்சம் கிராம சேவகர் பிரிவு, 2 கோடி 17 லட்சம் சனம், வகுத்துப் பாத்தா எங்கட சராசரியும் கிட்டத்தட்ட அதே 1,500தான் வரும். ஆனா எங்கட பிரிவுகள் கீறினது நிர்வாகம் நடத்திறதுக்கு, வறுமைய அளக்கிறதுக்கு இல்ல, அதால காட்டுப் பக்கம் சில பிரிவில கொஞ்சச் சனம், டவுனுக்குள்ள சில பிரிவில நெருக்கியடிச்சுக்கொண்டு சனம், அதுக்குள்ள பணக்காரத் தெருவும் இருக்கும் பள்ளத்து ஒழுங்கையும் இருக்கும். திருகோணமலை மாவட்டத்தில 11 பிரதேச செயலகப் பிரிவு, 230 கிராம சேவகர் பிரிவு, இதில பட்டினமும் சூழலும் பிரிவ மட்டும் எடுத்தாலே டொக்யார்ட் பக்கமும் சாம்பல்தீவுப் பக்கமும் ஒரே பிரதேச செயலகத்துக்குள்ள வருது. இந்த ரெண்டு இடத்திட வாழ்க்கையும் ஒண்டா?

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேல போச்சு. அங்க முதல் 751 வலயம் எண்டு 1996ல இருந்து ஒரு பட்டியல் இருந்தது, ஏன் இந்த இடம், ஏன் அந்த இடம் இல்ல எண்டு ஒரே சண்டை, அரசாங்கத்தோட கதைச்சு வாங்கின இடமெல்லாம் உள்ளுக்க இருக்குது எண்டு குற்றச்சாட்டு. 2014ல சட்டத்த மாத்தினாங்க. முழு நாட்டையும் 200 மீற்றருக்கு 200 மீற்றர் சதுரமா வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலயும் உள்ள ஆக்கள்ட வருமானத்த வரித் தரவில இருந்து எடுத்து, வருமானம் குறைஞ்ச சதுரங்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டி ஆயிரம் பேருக்கு மேல சேர்ந்து, அந்த நகரமும் 10 ஆயிரம் பேருக்கு மேல உள்ள நகரமா இருந்தா அது முன்னுரிமைப் பகுதி. ஒரே ஒரு அளவுகோல்தான், வருமானம். நாட்டிட நடு வருமானத்தையும் (ஆக்கள வருமானப்படி வரிசையில விட்டா சரி நடுவில நிக்கிற ஆள்ட வருமானம்) அந்த நகரத்திட நடு வருமானத்தையும் ஒரு விகிதத்தில கலந்து அதில 60 சதவீதத்துக்குக் கீழ உள்ளதா எண்டு பாக்கிறாங்க. அப்பிடிப் பாத்ததும் கிட்டத்தட்ட 1,500 இடம் வந்தது, ஆரும் நினைச்சுப் பாக்காத சின்ன டவுன்கள் கொஞ்சம் புதுசா வந்திச்சு, வருஷக்கணக்கா உதவி எடுத்த சில இடங்கள் வெளிய போச்சு. எனக்கு அந்த முறையில பிடிச்சது என்னெண்டால் ஒரு சாதாரண மனுசன் "என்ட இடம் ஏன் இல்ல" எண்டு கேட்டா ரெண்டு வசனத்தில மறுமொழி சொல்ல ஏலும்.

இங்கிலாந்துக் கணக்கு அப்பிடி இல்ல, அது ஏழு விஷயத்தப் பாக்கும். வருமானம் 22.5 சதவீதம், வேலை 22.5, படிப்பு 13.5, உடல்நலம் 13.5, பிறகு குற்றம், வீடும் சேவைகளும் கிடைக்கிறதில உள்ள தடை, சுற்றாடல் இந்த மூண்டுக்கும் 9.3 படி. இந்த எண்கள் வானத்தில இருந்து விழுந்ததில்ல. ஆய்வு இருக்குது, வாதம் இருக்குது, ஆனா கடைசியில வேலையில்லாததுக்கு இவ்வளவு, வீட்டுப் பிரச்சினைக்கு இவ்வளவு எண்டு யாரோ மேசையில இருந்து முடிவெடுத்ததுதான். உங்கட ஒழுங்கை மாதிரி இடத்துக்கு அந்த 9.3 தான் உயிர், ஏனெண்டால் வீட்டிட நிலைமை, வீட்டுக்க நெருக்கடி இதுகள் அங்கதான் வரும். அந்த 9.3 எண்டத 20 ஆக்கினா பட்டியல் வரிசையே மாறும். இன்னொண்டு, அது ஒரு வரிசைதான், எவ்வளவு கஷ்டம் எண்டு சொல்லாது, ஆரவிட ஆர் கஷ்டம் எண்டு மட்டும் சொல்லும். எசெக்ஸ் கரையில ஜேவிக் எண்டொரு கடலோர இடம் 2010, 2015, 2019 மூண்டு கணக்கிலயும் நாட்டிலயே கஷ்டப்பட்ட முதலாவது துண்டா வந்திச்சு. பட்டியல்ல முதலாவதா இருந்தா கஷ்டம் தீர்ந்திடும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு அத நான் அடிக்கடி சொல்லுவன்.

இப்ப எங்கட பக்கத்துக்கு வாங்க. இலங்கையில ஏன் பிரான்ஸ் மாதிரிச் செய்ய ஏலாது? வருமானம் எங்க பதியப்பட்டிருக்கு? கூலி வேலைக்குப் போறவர், மீன் தூக்கிறவர், இடியப்பம் அவிச்சு விக்கிற அக்கா, இவங்கட வருமானம் எந்த வரிப் பேப்பர்லயும் இல்ல. அதால வீட்டப் பாத்து, சாமானப் பாத்து ஊகிக்கிற முறைதான் இங்க, சுவர் என்ன, கூரை என்ன, கக்கூசு உள்ளுக்கயா வெளியயா, லைட் இருக்கா, வாகனம் இருக்கா. 2023ல வந்த அஸ்வெசும எண்ட அரச உதவிக் காசுத் திட்டமும் இதே வழிதான், படிப்பு, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு எண்டு ஆறு பக்கத்தில 22 குறிகாட்டி. அது குடும்பத்தத் தெரிவு செய்யிற முறை, இடத்த இல்ல, ஆனா ஊகிக்கிற விதம் ஒண்டுதான், அதில என்ன நடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும், முதல் பட்டியல் வந்ததும் 10 லட்சத்துக்குக் கிட்ட மேன்முறையீடு.

ஏன் அப்பிடிப் பிழைக்குது எண்டு சொல்லுறன். திருக்கடலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போர்ம் நிரப்பப் போனா முத்தத்தில வள்ளம் நிக்கும், இன்ஜின் நிக்கும், சில வேளை மகன்ட த்ரீவீலும் நிக்கும். போர்ம்ல அது மூண்டும் சொத்து. உண்மையில வள்ளம் முதலாளிட, இன்ஜின் கடனில, த்ரீவீல் லீசிங்கில, மாசம் முடிய லீசிங்காரன் வாசல்ல நிப்பான். போர்ம்ல கடனுக்கு ஒரு கட்டம் இல்லாட்டி அந்தக் குடும்பம் பணக்காரக் குடும்பம். அதே மாதிரி சொந்த வீடா வாடகை வீடா எண்ட கேள்வி. இங்கிலாந்தில 1980கள்ல பாவிச்ச ஒரு பழைய அளவீட்டில வேலையின்மை, வீட்டுக்க நெருக்கடி இதுகளோட சொந்தக் கார் இல்லாததும் சொந்த வீடு இல்லாததும் கஷ்டத்திட அடையாளம், அங்க அது சரியாயிருக்கும். எங்கட ஊரில முழுக் கஷ்டப்பட்ட ஒழுங்கைக்க போய் சொந்த வீடா எண்டு கேட்டா எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க, காணி உறுதி இருக்கா எண்டு கேட்டா ஓம் எண்டு சொல்ல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. சண்டையில உறுதி எரிஞ்சது, தாத்தா பேரில இருக்குது, அரச காணி, பேர்மிட் இல்ல, இப்பிடி ஆயிரம் கதை. உறுதி இல்லாட்டி லோன் இல்ல, சில திட்டத்தில வீட்டு உதவியே இல்ல. எங்கட ஊருக்குப் போர்ம் எழுதுறவர் சொந்த வீடா எண்டு கேக்கிறத விட்டிட்டு கையில என்ன பேப்பர் இருக்கு எண்டுதான் கேக்கோணும், இத நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியிருக்கிறன்.

தரவுட வயசையும் பாக்கோணும், இது திருகோணமலை ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சு வச்சிருக்கோணும். 1981ல சனத்தொகை கணக்கெடுத்தாங்க. பிறகு சண்டை. 2001ல எடுத்த நேரம் வடக்கு கிழக்கில முழுசா எடுக்க ஏலாமப் போச்சு, எங்கட மாவட்டமும் அதில ஒண்டு. 2012லதான் பிறகு முழுக் கணக்கு. அதாவது 31 வருஷம், ரெண்டு தலைமுறை சனம் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, அழிஞ்சு, கட்டி, அதுக்குள்ள ஒரு சுனாமியும் வந்து போச்சு. குடும்பங்கள்ட வருமானம் செலவு பாக்கிற சர்வே இருக்குதே, வறுமை வீதம் அதில இருந்துதான் வருது, 2002ல அது வடக்கு கிழக்குக்கு வரவே இல்ல, 2006-07ல கிழக்கில மட்டக்களப்பு, அம்பாறைக்கு வந்து திருகோணமலையத் தனிய விட்டிட்டுப் போச்சு. எங்களுக்கெண்டு முதல் எண் வந்தது 2009-10ல, 11.7 சதவீதம். 2016ல 10 சதவீதம், அந்த வருஷம் முழு நாட்டுக்கும் 4.1 (இதெல்லாம் பழைய வறுமைக் கோட்டில, மேல சொன்ன 14.3 பிறகு மாத்தின புதுக் கோட்டில). 2009-10க்கு முதல் வந்த வறுமை வரைபடங்கள்ல எங்கட மாவட்டம் வெள்ளையா இருக்கும், தரவு இல்லை எண்டு. இந்த வரைபடத்த வச்சுத் திட்டம் போடுற ஆளுக்கு நாங்க வறியவங்களும் இல்ல, பணக்காரரும் இல்ல, நாங்க இல்லவே இல்ல. எனக்கு அது இப்பவும் மனசில நிக்குது, ஏனெண்டால் அந்த வருஷங்களிலதான் எங்கட சனம் கூடக் கஷ்டப்பட்டது.

அந்தச் சர்வேயும் நாடு முழுக்க 25 ஆயிரம் வீடுதான் பாக்கும், அத வச்சு மாவட்டத்துக்கு எண் சொல்லலாம், ஒரு கிராம சேவகர் பிரிவுக்குச் சொல்ல ஏலாது. சின்ன இடத்துக்கு எண் வேணுமெண்டால் சர்வேயையும் சனத்தொகைக் கணக்கையும் சேத்து ஒரு மதிப்பீடு செய்வாங்க, 2012 கணக்க வச்சு அப்பிடி பிரதேச செயலக மட்டத்துக்கு வறுமை வரைபடம் போட்டிருக்கிறாங்க. உலக வங்கி ஆய்வாளர்கள் 2017ல இன்னொரு வேலை செய்தாங்க, இலங்கையில 1,291 கிராம சேவகர் பிரிவிட செய்மதிப் படத்த எடுத்து கட்டிட நெருக்கம், கூரை வகை, ரோட், வாகனம் இதுகள மட்டும் வச்சு வறுமைய ஊகிக்க ஏலுமா எண்டு பாத்தாங்க, இடத்துக்கிடம் உள்ள வித்தியாசத்தில கிட்டத்தட்ட 60 சதவீதத்த அந்தப் படமே விளக்கிச்சு. நல்ல முன்னேற்றம், 10 வருஷத்துக்கு ஒருக்கா வாற கணக்கெடுப்ப விட படம் கெதியா வரும். ஆனா மேல இருந்து பாத்தா கூரை தெரியும், கூரைக்குக் கீழ எத்தினை குடும்பம் எண்டு தெரியாது, லீசிங் தெரியாது, கக்கூசுக் குழி மாரியில பொங்கி முத்தத்துக்கு வாறது தெரியாது. 2024 டிசம்பரில புதுச் சனத்தொகைக் கணக்கு எடுத்திட்டாங்க, இனி வாற வரைபடமெல்லாம் அதில இருந்து வரும், அதால இது கேள்வி கேக்கிறதுக்குச் சரியான நேரம்.

"நகரம்" எண்ட சொல்லே எங்கட நாட்டில ஒரு கோடுதான். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள்ள இருந்தா மட்டும்தான் புள்ளிவிபரத்தில நகரம். 1987ல பிரதேச சபைச் சட்டம் வந்ததோட முன்ன இருந்த பட்டின சபைகள் எல்லாம் பிரதேச சபைக்குள்ள போய் கிராமமா மாறிச்சு. அதாலதான் 2012 கணக்கில இலங்கையில நகரச் சனம் 18.2 சதவீதம் எண்டு வருது, கொழும்பச் சுத்திப் பாத்த ஆருக்கும் அது நம்ப ஏலாத எண். எங்கட பக்கமும் உப்புவெளி, சாம்பல்தீவு எண்டு டவுனோட ஒட்டி வளந்த இடங்கள் பிரதேச சபைக்கு உள்ள, பஸ்சில போனா எங்க டவுன் முடியுது எண்டு சொல்ல ஏலாது, ஆனா நகரத்து வறிய குடியிருப்புக்கு எண்டு வாற ஒரு திட்டம் நகர எல்லையோட நிண்டுடும், கிராமத்துக்கெண்டு வாற திட்டத்தில "இது டவுன் பக்கம்தானே, காணி விலையப் பாருங்க" எண்டு கழிச்சுப் போடுவாங்க. ரெண்டுக்கும் நடுவில விழுந்த சனம் எத்தினையோ.

கோடு கீறினதால என்ன நடக்கும் எண்டு எங்கட ஊருக்குச் சுனாமி காட்டிச்சு. 2004 டிசம்பருக்குப் பிறகு அரசாங்கம் கரையில இருந்து தெற்கு, மேற்குப் பக்கம் 100 மீற்றர், வடக்கு கிழக்கில 200 மீற்றர், அதுக்குள்ள வீடு கட்ட ஏலாது எண்டு அறிவிச்சது. ஏன் எங்களுக்கு ரெண்டு மடங்கு எண்டு அப்ப எல்லாரும் கேட்டாங்க. திருகோணமலை டவுன் எப்பிடி எண்டு தெரியும்தானே, ஒரு பக்கம் வெளிக்கடல், மற்றப் பக்கம் உட்துறைமுகம், நடுவில ஒடுங்கின நிலம். நாங்க டேப்பப் பிடிச்சு அளந்தம். ஒரே தெருவில ஒரே மாதிரி உடைஞ்ச ரெண்டு வீடு, ஒண்டு 190 மீற்றர், மற்றது 210. 210 காரருக்கு இருந்த இடத்திலயே கட்டக் காசு, 190 காரருக்கு வேற இடத்தில வீடு வரும் எண்ட சொல்லு, காணி தேடி முடியும் வரைக்கும் தகரக் கொட்டில். மீன்பிடிக்காரர உள்ளுக்கத் தள்ளினா வள்ளத்த ஆர் பாக்கிறது, வலைய எங்க உலத்துறது? 2005 கடைசியில அந்த எல்லைய அரசாங்கமே குறைச்சது. அதுக்குள்ள ஒரு வருஷம் போச்சு. நான் அளந்து சொன்ன எண்ணால ஒரு குடும்பம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போன நாள எனக்கு மறக்க ஏலாது, அந்த அம்மா என்னோட சண்டை பிடிக்கல்ல, "தம்பி இன்னொருக்கா அளந்து பாருங்கோ" எண்டு மட்டும்தான் கேட்டா.

சரி, அரசியல் எங்க வருது? பட்டியல் போட்டு முடிஞ்ச பிறகு வருது. இங்கிலாந்தில 2019ல ஒரு நகர நிதி போட்டாங்க, 541 டவுன அதிகாரிகள் வரிசைப்படுத்தி உயர், நடு, குறைந்த முன்னுரிமை எண்டு பிரிச்சுக் குடுத்தாங்க, மேல இருந்த 40 டவுனும் அப்பிடியே எடுபட்டது, மிச்சம் 61 டவுன அமைச்சர்கள் தங்கட விருப்பத்தில நடு, குறைந்த பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. அதில சீடில் எண்ட டவுன் வரிசையில 535வது. அவங்கட கணக்காய்வு அலுவலகமும் பாராளுமன்றக் குழுவும் அடுத்த வருஷமே அதத் தோண்டி எடுத்து எல்லாருக்கும் முன்னால வச்சது. அமெரிக்காவில 2017 வரிச் சட்டத்தில வாய்ப்பு வலயம் எண்டு ஒண்டு, வறுமை 20 சதவீதத்துக்கு மேல, இல்லாட்டி குடும்ப வருமானம் அந்தப் பகுதிட நடு வருமானத்தில 80 சதவீதத்துக்குக் கீழ உள்ள துண்டுகள் தகுதி, ஆனா அதில கால்வாசிய மட்டும் மாநில ஆளுநர் தெரிவு செய்யலாம். 8,764 வலயம் வந்தது. தகுதிக் கோடு அகலம், தெரிவு ஒரு ஆள்ட கையில, முதலீட்டாளருக்கு வரிச்சலுகை, காசு கூடுதலா ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்த இடங்களுக்குத்தான் போச்சு. இப்ப உங்கட கேள்விக்கு என்ட மறுமொழி: எல்லா நாட்டிலயும் கை நுழையும், வித்தியாசம் என்னெண்டால் வரிசை எண் பகிரங்கமா இருந்தா 535வது டவுன் எப்பிடி உள்ளுக்க வந்தது எண்டு கேக்கலாம். எங்கட ஊரில நாங்க எத்தினையாவது எண்டே எங்களுக்குச் சொல்லுறதில்ல.

போட்டி வச்சுக் குடுக்கிற முறையும் இருக்குது. 1991ல இங்கிலாந்தில நகர சபைகள் திட்டம் எழுதிப் போட்டியிடோணும் எண்டு வச்சாங்க, வெண்ட 31 இடத்துக்கும் ஒரே தொகை, அஞ்சு வருஷத்துக்கு 37.5 மில்லியன் பவுண். கஷ்டம் கூடின இடத்துக்கும் குறைஞ்ச இடத்துக்கும் ஒரே காசு, தோத்த இடத்துக்கு ஒண்டும் இல்ல. நல்லா இங்கிலீசில புரபோசல் எழுதத் தெரிஞ்ச ஆள் இருக்கிற இடம் வெல்லும். சுனாமிக் காலத்தில எங்கட பக்கமும் இதே மாதிரிக் காட்சிதான், ஒரு ஊருக்கு மூண்டு நிறுவனம், பக்கத்து ஊருக்கு ஒண்டும் இல்ல, ஏனெண்டால் முதல் ஊரில கடிதம் எழுதத் தெரிஞ்ச ஒரு ரீச்சர் இருந்தா.

பட்டியல்ல பேர் வந்தா எல்லாம் நன்மை எண்டும் நினைக்க வேணாம். கொலம்பியாவில 1994ல வந்த சட்டப்படி வீடுகள 1 தொடக்கம் 6 வரைக்கும் அடுக்காப் பிரிச்சு, கீழ் மூண்டுக்கும் கரண்ட், தண்ணி பில்லில கழிவு, மேல் ரெண்டும் கூடுதலாக் கட்டோணும். ஏழைக்கு உதவிதான், ஆனா இப்ப அங்க ஆக்கள் "அவன் அடுக்கு ரெண்டு" எண்டு மனுசரையே எண்ணால சொல்லுறாங்க. டென்மார்க் 2010ல இருந்து கெட்டோ எண்டு பேர் வச்சே ஒரு பட்டியல் போட்டது, வேலை, படிப்பு, வருமானம், குற்றம் இதுகளோட மேற்கு நாடல்லாத இடத்தில இருந்து வந்த சனம் பாதிக்கு மேலயா எண்டும் பாத்தாங்க, தொடர்ந்து பட்டியல்ல நிண்ட இடங்கள்ல சமூக வீடுகள 2030க்குள்ள 40 சதவீதத்துக்குக் குறைக்கோணும் எண்டு சட்டம், குறைக்கிறது எண்டால் சில இடத்தில உடைக்கிறது, சனத்த எழுப்புறது. அங்க பட்டியல்ல பேர் வந்தா சனத்துக்குப் பயம். சென்னையில நேர்மாறு. 1971 சட்டப்படி குடிசைப் பகுதி எண்டு அறிவிச்சா அந்தச் சனத்துக்குப் பாதுகாப்பு, சும்மா வந்து எழுப்ப ஏலாது. அந்த வருஷம் 1,202 இடத்த அறிவிச்சாங்க, 1985ல இன்னும் 17, பிறகு அறிவிப்பு நிண்டு போச்சு, சிற்றி மட்டும் வளந்துகொண்டே போச்சு. புதுசா வந்த குடிசைகளுக்கு அந்தக் காப்பு இல்ல.

எங்கட நாட்டிலயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறத நாங்க மறந்திட்டம். 1984ல தொடங்கின பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தில நகரத்து முடுக்கு, குடிசைப் பகுதிகள விசேட திட்டப் பகுதி எண்டு அறிவிச்சாங்க. சட்டப்படி வீட்டுக் காணி குறைஞ்சது 6 பேர்ச் இருக்கோணும், அந்த முடுக்குகளுக்க இருக்கிற சனத்திட்ட அது எங்க? விசேட பகுதிக்குள்ள 2 பேர்ச் காணும் எண்டு விதிய இளக்கினாங்க, இருந்த இடத்திலயே காணி பிரிச்சுக் குடுத்து, சனமே கூடி எந்த வழியால பாதை, எங்க பைப், எங்க கக்கூசு எண்டு முடிவெடுத்துச்சு. அதில "விசேட பகுதி" எண்ட பேரால முதல்ல கிடைச்சது விதியில ஒரு விலக்கு. காசு இல்லாத அரசாங்கத்தாலயும் அதச் செய்ய ஏலும், என்ட அபிப்பிராயத்தில எங்கட டவுனுக்கு இப்பவும் அதுதான் முதல் தேவை, ஏனெண்டால் எங்கட ஒழுங்கைகள்ல கனக்க வீடு பிளான் பாஸ் ஆகாத அளவுக் காணியிலதான் நிக்குது.

ஏன் இடத்துக்குக் குடுக்கோணும், கஷ்டப்பட்ட ஆளுக்கு நேரக் காசக் குடுத்தா முடிஞ்சுதானே எண்டு ஒரு பழைய வாதம் இருக்குது, அதில உண்மையும் இருக்குது. 1960கள் முடிவில இங்கிலாந்தில கஷ்டப்பட்ட இடத்துப் பள்ளிக்கூடங்களுக்கெண்டு விசேட வலயம் வச்சுப் பாத்தாங்க, கஷ்டப்பட்ட பிள்ளைகளில கூடப் பேர் அந்த வலயங்களுக்கு வெளியதான் இருந்தாங்க எண்டு பிறகு கண்டுபிடிச்சாங்க. 1998ல இருந்து 39 இடத்துக்கு, இடம் ஒண்டுக்கு 50 மில்லியன் பவுண் அளவில 10 வருஷம் குடுத்த திட்டத்திலயும் முடிவில இடம் நல்லா மாறியிருந்தது, சனத்திட வேலை, படிப்பு அந்தளவுக்கு மாறல்ல. ஆனா இடமே ஆள மாத்தும் எண்டதுக்கும் சாட்சி இருக்குது. 1990கள்ல அமெரிக்காவில அஞ்சு சிற்றியில 4,600 குடும்பத்த வச்சு, சீட்டுக் குலுக்கி கொஞ்சப் பேருக்கு வறுமை குறைஞ்ச இடத்துக்குப் போக வாடகை உதவி குடுத்தாங்க. 13 வயசுக்கு முதல் இடம் மாறின பிள்ளைகள் வளந்து இருபதுகள் நடுவில வந்த நேரம் மற்றப் பிள்ளைகள விட 31 சதவீதம் கூட உழைச்சாங்க. ஒரே மாதிரிக் குடும்பங்கள்தான், மாறினது இடம் மட்டும். அதோட வடிகான ஒரு வீட்டுக்கு மட்டும் போட ஏலாது தம்பி. அஸ்வெசும உங்கட அம்மாக்குக் காசு குடுக்கும், முத்தத்துத் தண்ணிய இறைக்காது.

இப்ப உங்கட ஒழுங்கைக்கு. முதல் வேலை, பிரிவு எல்லை எங்க போகுது எண்டு கிராம சேவகர்ட கந்தோர்ல வரைபடத்தக் கேட்டுப் பாருங்க. ரெண்டாவது, ஒழுங்கைய நீங்களே எண்ணுங்க, ஒரு கொப்பி காணும்: வீட்டு இலக்கம், எத்தினை குடும்பம், எத்தினை பேர், கூரை, கக்கூசு, தண்ணி, காணிக்கு என்ன பேப்பர், கடன். ரெண்டு ஓ.எல். பிள்ளைகள் ஒரு சனி ஞாயிறில முடிச்சுடுவாங்க. "நாங்க சரியான கஷ்டம்" எண்டு 50 பேர் கையெழுத்து வச்ச கடிதத்த விட "62 வீட்டில 41 வீட்டுக்க தண்ணி வருது, 38 வீட்டுக்கு உறுதி இல்ல" எண்ட மாதிரி ஒரு பக்கம் மேசையில வேற மாதிரி வேலை செய்யும், அத நான் மேசைக்கு மற்றப் பக்கம் இருந்து பாத்தவன். மூண்டாவது, 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில அந்தத் திட்டத்துக்கு எந்த அளவுகோலில இடம் தெரிவு செய்தது, எத்தினை இடம் பரிசீலிச்சது, எங்கட பிரிவுக்கு எத்தினை புள்ளி வந்தது எண்டு மூண்டே மூண்டு கேள்வி கேளுங்க. ஏன் எங்களுக்குத் தரல்ல எண்டு கேக்காதீங்க, அதுக்கு மறுமொழியா ஒரு கதை வரும், ஆவணத்தக் கேட்டா ஆவணம் வரும். தகவல் உத்தியோகத்தர் தருவாரா மாட்டாரா எண்டு 14 வேலை நாளுக்குள்ள சொல்லோணும், தராட்டி அதே நிறுவனத்தில மேன்முறையீட்டுக்கெண்டு குறிச்ச அதிகாரிக்கு 14 நாளுக்குள்ள எழுதலாம், அதுக்கும் பிறகு ஆணைக்குழு. தமிழிலயே எழுதுங்க, தமிழிலயே மறுமொழி கேளுங்க.

ஐப்பசி மழை தொடங்கினதும் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு அடிமட்டத்த நட்டு வச்சு, திகதி தெரியிற மாதிரி போட்டோ எடுத்து, அந்தக் கொப்பியில உள்ள வீட்டு இலக்கத்தோட சேத்து வையுங்க. எண்ணி முடிஞ்சதும் கொப்பிய எனக்கு அனுப்புங்க, ஒரு பக்கத்துக்குள்ள எப்பிடி எழுதுறது எண்டு நான் இருந்து சேந்து செய்து தாறன்.